ஒரே செல்ஃப்

மேம்பாலத்தின் நடு ஏற்றத்தில் ஐஸ் வண்டி இரண்டு முறை இருமியது, ஒரு முறை குலுங்கியது, அப்புறம் கப்சிப்பென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அந்தப் பிரேக்கின் மேல் அவருக்கே நம்பிக்கை கிடையாது. சீட்டுக்கடியில் எப்போதும் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். சாக்குப் போர்த்திய ஐஸ் கட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டி, பின்கதவு வழியாக வழிந்து, பாலத்துச் சரிவில் கோடு போட்டுக்கொண்டு பஸ் சக்கரத்துக்குப் போனது.

"என்ன பெரியவரே, வீட்ட இங்கேயே கட்டிட்டீங்களா?" என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஆமா, கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லி அனுப்புறேன், வந்துடு" என்றார் டிரைவர்.  பானெட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் இருக்கும் இரண்டு கிளிப்பையும் கண்ணை மூடிக்கொண்டே கழற்றுவார். உள்ளே, எள்ளுருண்டையைவிடச் சிறிய இரண்டு பாயிண்ட் முகங்கள் மறுபடியும் கருகிப்போயிருந்தன. அவை பிரிகிற நேரத்தில்தான் பிளக்கில் நெருப்புப் பொறி பிறக்கும். அவை கருகினால் பொறி இல்லை. பொறி இல்லையென்றால் எவ்வளவு பெட்ரோல் இருந்தும் வண்டி வெறும் தகரம்தான்.

சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன அரம் வைத்திருந்தார். அதை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார், ஊதினார், சட்டை முனையால் துடைத்தார். பழைய பிளேடை இடையில் நுழைத்து இடைவெளி பார்த்தார். மூடியை மாட்டிவிட்டு சீட்டில் ஏறினார். சோக்கை முக்கால்வாசி இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து மூன்றாவது மிதியைப் பாதியில் நிறுத்த வேண்டும். இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃபை அடித்து, அது முனகும்போது விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். எந்த இடத்தில் விடுவது, எந்த இடத்தில் பிடிப்பது என்பதெல்லாம் சொல்லி வருகிற விஷயமில்லை. வண்டி பிடித்துக்கொண்டது. பஸ்காரன் கடைசியாக ஒரு ஹாரன் அடித்து வாழ்த்தி அனுப்பினான்.

நடுரோட்டில் பானெட்டைத் திறந்து அறுவை சிகிச்சை செய்கிறவர் என்பதால் மார்க்கெட்டிலும் ஐஸ் பிளாண்டிலும் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். மீன் மார்க்கெட்டில் அன்றைக்கு அந்தப் பெயரை யாரும் பிரியமாகச் சொல்லவில்லை. காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த மீன்காரப் பெண்களில் ஒருத்தி சாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"டாக்டரே, ஐஸ் கொண்டாந்தியா, தண்ணி கொண்டாந்தியா? என் மீனெல்லாம் கண்ணு வெளுத்துப் போச்சு."

அவர் மிச்சச் சாக்குகளையும் விலக்கினார். மூலைகள் உருகி உருண்டுபோன கட்டிகளைப் பார்த்தாலே பதில் தெரிந்தது.

டாக்டர் பிளாண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் முதலாளிக்குச் சேதி போயிருந்தது. ஐஸ் பிளாண்டின் முற்றத்தில், அம்மோனியா வாடைக்கு மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"இது வண்டியாய்யா, இல்ல வாத நோயா? மார்க்கெட்டுக்காரன் போன் போட்டு என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறான். அடுத்த தடவை லேட்டாச்சுன்னா வேற பிளாண்டுல எடுத்துக்குறேங்கறான்."

"பாயிண்டு கருகிடுது முதலாளி. ஏத்தத்துல லோடோட போறப்ப…"

"பாயிண்டோ கீயிண்டோ, அது உன் பாடு. திங்கக்கிழமை மத்தியான லோடுக்கு நானே பக்கத்துல உக்காந்து வர்றேன். ஃபுல் லோடு. பாலத்துல நின்னுச்சு, அங்கேருந்தே இரும்புக் கடைக்கு. நீயும் வேற எடம் பாத்துக்க."

வேற இடம்! ஐம்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு, அதுவும் கண்ணாடி போட்டால்தான் போர்டு தெரிகிறவனுக்கு, எவன் சாவியைத் தூக்கிக் கொடுப்பான்? போன வருஷம் சிமெண்டு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய் நின்றார். வாசல் காவலாளியே இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வயசுப் பசங்களே வரிசையில நிக்கிறாங்க பெரியவரே" என்று அனுப்பிவிட்டான். இந்த வண்டி ஓடுகிற வரைக்கும்தான் அவருக்குச் சோறு. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒரு தைரியமும் இருந்தது. முதலாளியின் அக்கா மகன் ஒருவன் ஆபீஸ் அறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்துகொண்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் டாக்டர் காய்ச்சலில் படுத்தபோது அவனை வண்டி எடுக்கச் சொன்னார்கள். செல்ஃப் அடித்தான், அடித்தான், பேட்டரி தீரும்வரை அடித்தான். பெட்ரோல் வாடை தெருவெல்லாம் வீசியது, வண்டி அசையவில்லை. கடைசியில் முதலாளி ஆட்டோ அனுப்பி, காய்ச்சலில் கிடந்தவரைத் துண்டைத் தலையில் சுற்றியபடியே அள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் வந்தார், வேற பேட்டரி போடச் சொன்னார், விட்டுப் பிடித்தார், வண்டி பிடித்துக்கொண்டது. கொக்கியால் ஐஸ் கட்டிகளை இழுத்து ஏற்றுகிற லோடுமேன் கைதட்டியே விட்டான். "டாக்டரே, இது உன் கை பட்டாத்தான் எந்திரிக்கும்" என்றான். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் அவருக்குக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும்.

வீட்டில் மனைவி கோணி ஊசியால் சாக்குகளை ஒன்றோடொன்று வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் போர்த்துகிற சாக்குகள் பிளாண்டுக்கு அவள் தைத்துக் கொடுப்பதுதான். அவர் நடந்ததைச் சொன்னார். ஊசியை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"உங்க வண்டி உங்கள விடப் பெரிய சீக்காளி. இதுக்கு நீங்க ஒருத்தரே மருந்து குடுத்து முடியாது. என் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"அவன் என்ன பண்ணுவான்? பாயிண்டு மாத்துவான். பத்து நாள்ல மறுபடி கருகும்."

"அவன் உங்கள மாதிரியா? கையெல்லாம் கிரீஸோடதான் பொறந்தான். கேட்டுப் பாருங்க, வாய்ல இருக்குற முத்து உதிர்ந்துடாது."

மச்சினன் சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாயிண்டையே தூக்கிக் கடாசிடலாம் மாமா. எலெக்ட்ரானிக் போட்டுடுவோம். இதே இன்ஜினோட புது மாடல் ஒண்ணு ஆக்சிடெண்ட் ஆகி இரும்புக் கடையில கெடக்கு. அதுல டிஸ்ட்ரிபியூட்டர் முழுசா இருக்கு. உள்ள ஒண்ணோட ஒண்ணு தொடுறதே கிடையாது. தேயவும் தேயாது, கருகவும் கருகாது."

"மாப்ள, எனக்குப் பயமா இருக்குடா. திங்கக்கிழமை நின்னுச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

"நிக்காது. நான் போட்டுக் குடுத்தா, சின்னக் குழந்தை சாவி திருகினாலும் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பிளாண்டுக்கு லீவு. முதலாளியிடம் கெஞ்சி வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். "லீவு நாள்ல சம்பளமில்லாம அவரு வண்டிய நீங்க நோண்டுங்க, அவரு மத்தியானம் சாப்ட்டுத் தூங்கட்டும்" என்று மனைவி சொல்லிக்கொண்டேதான் டீ கொண்டுவந்து வைத்தாள்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டரை மச்சினன் உருவி எடுத்தபோது டாக்டருக்கு என்னவோ போலிருந்தது. இருபது வருஷமாகத் தேய்த்த பாயிண்டு. எண்ணெய்த் துணியில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்தார். புதியதை இறக்கினான். பொறிக்குக் கரண்டு கொடுக்கிற காயிலுக்குப் போகிற ஒயரின் நடுவே, கரண்டைக் குறைத்து அனுப்புகிற பழைய ரெசிஸ்டர் ஒன்று இருந்தது. அதை விலக்கிவிட்டு, இதற்கு முழுக் கரண்டு வேண்டும் என்று நேராக ஒயர் இழுத்தான். பிறகு, பெரிய பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்த டைமிங் லைட்டை எடுத்தான். துப்பாக்கி மாதிரி இருந்தது. முதல் பிளக்கின் ஒயரில் அதன் கிளிப்பை மாட்டினால், பொறி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மின்னும். இன்ஜின் முகப்பில் சுற்றுகிற புல்லிச் சக்கரத்தில் ஒரு கோடு உண்டு. பக்கத்தில் அசையாத ஒரு முள் உண்டு. லைட் மின்னுகிறபோது கோடு முள்ளுக்கு எங்கே நிற்கிறதென்று பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி வைப்பதுதான் டைமிங்.

"நான் காதால வைப்பேன்" என்றார் டாக்டர்.

"அது அந்தக் காலம் மாமா. இது கண்ணால வைக்கிறது."

கோடு முள்ளுக்கு நேராக, வரைந்து வைத்தது மாதிரி நின்றது. மச்சினன் போல்டை முடுக்கினான். வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு, "இப்பப் போடுங்க" என்றான். டாக்டர் பழக்கதோஷத்தில் சோக்கில் கை வைத்தார். "அதெல்லாம் வேணாம். காலையும் வைக்காதீங்க. சும்மா திருகுங்க." திருகினார். சாவி முழுசாகத் திரும்புவதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது. நிழலில் படுத்திருந்த பூனை உறுமுகிற மாதிரி சீராக ஓடியது. மனைவி டீத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயில் கையை வைத்தாள். டாக்டர் ஐந்தாறு முறை ஆஃப் பண்ணிப் பண்ணிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒரே செல்ஃப். தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தார், காலி வண்டி பறந்தது. அன்றைக்குத்தான் பல நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டார்.

ஆனால் திங்கட்கிழமை காலை முதல் லோடோடு பாலத்தில் ஏறியதும் அந்தச் சந்தோஷம் ஆட்டம் கண்டது. கால்வாசி ஏற்றத்திலேயே, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் இன்ஜினிலிருந்து கேட்டது. டக டக டகவென்று. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். பொறி முன்கூட்டியே அடிக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே நெருப்பு அதன் தலையில் சம்மட்டியால் போடுகிறது. காலை எடுத்தால் வண்டி நிற்கும், அழுத்தினால் இன்ஜின் போகும். ஹீட் முள் சிவப்பை நோக்கி எழும்பியது. முதல் கியருக்கு மாற்றி, நடக்கிற வேகத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார். இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மார்க்கெட்டில் ஆஃப் பண்ணிவிட்டு மறுபடி போட்டால், செல்ஃப் யாரோ பிடித்து நிறுத்துகிற மாதிரி முனகி எதிர்த்து உதைத்தது.

மத்தியானம் முதலாளி உட்கார்ந்து வரப்போகிறார். மச்சினனுக்குப் போன் போட்டார்.

மச்சினன் இரவல் பைக்கில் கருவிப் பையோடு வந்து சேர்ந்தான். மார்க்கெட்டின் பின்பக்கம், காலி மீன் பெட்டிகளுக்கு நடுவே பானெட்டைத் திறந்தார்கள். லைட்டை மாட்டிப் பார்த்தான். கோடு அப்படியே முள்ளுக்கு நேராகத்தான் நின்றது.

"சரியாத்தானே மாமா இருக்கு! லைட் பொய் சொல்லாது."

"லைட் பொய் சொல்லாதுடா. ஆனா இன்ஜின் தட்டுதே, அது பொய்யா? என் வேலை போகப்போகுது, நீ லைட்டுக்குச் சாட்சி சொல்லிக்கிட்டிருக்க!"

இவ்வளவு காட்டமாக அவர் பேசி மச்சினன் கேட்டதில்லை. அவன் முகம் சுண்டிவிட்டது. "நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணுவேனா மாமா?" என்றான் மெதுவாக. டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "இல்லடா மாப்ள. பயத்துல பேசுறேன். பாரு, நல்லாப் பாரு" என்றார்.

மச்சினன் இன்ஜினை இன்னொரு தடவை மேலும் கீழும் பார்த்தான். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவனாக முதல் பிளக்கைக் கழற்றினான். அந்த ஓட்டையில் நீளமான ஸ்க்ரூடிரைவரை மெல்ல இறக்கி விரலால் பிடித்துக்கொண்டான். "ஸ்பேனரைப் போட்டுப் புல்லியைச் சுத்துங்க மாமா. மெதுவா." டாக்டர் சுற்றினார். உள்ளே பிஸ்டன் எழும்ப, ஸ்க்ரூடிரைவரும் எழும்பியது. எழும்பி, எழும்பி, அதற்கு மேல் போகாமல் நின்றது.

"நிறுத்துங்க. இதுதான் உச்சி. இப்பக் கோடு முள்ளுக்கு நேரா இருக்கணும்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். கோடு முள்ளைத் தாண்டி ஒரு விரற்கடை அப்பால் போய் நின்றுகொண்டிருந்தது.

மச்சினன் புல்லியை விரலால் சுண்டினான். "அடப்பாவி! இந்தப் புல்லி ரெண்டு துண்டு மாமா. உள்ள ஒரு வளையம், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். ரப்பர் காஞ்சுபோயி வெளி வளையம் வழுக்கியிருக்கு. கோடு முன்னாடியே வந்துடுது, அதை நம்பி நானும் முன்னாடியே வச்சுட்டேன். நீங்க இத்தன வருசம் காதால வச்சதால உங்களுக்கும் தெரியல."

திட்டுவதற்குக்கூட நேரமில்லை. மீன் பெட்டிகளில் எண் எழுதுகிற ஆளிடம் வெள்ளைப் பெயிண்டு கேட்டு வாங்கி, உச்சி நின்ற இடத்தில் முள்ளுக்கு நேராகப் புல்லியில் புதுக் கோடு போட்டான். பிளக்கை மாட்டினான். டாக்டர் சாவியைத் திருக, மச்சினன் லைட்டைப் புதுக் கோட்டில் அடித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினான். டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும்… இன்னும் கொஞ்சம்… போதும், தாண்டிட்ட, திரும்பி வா… அங்க." மச்சினன் லைட்டில் பார்த்தான், சிரித்துவிட்டான். "லைட்டும் அங்கதான் சொல்லுது மாமா." போல்டை முடுக்கினான்.

"ரப்பர் மறுபடி வழுக்குச்சுன்னா?"

"வழுக்கினா கோடுதான் நகரும். டைமிங் நகராது. கவலையை விடுங்க."

ஆனாலும் அவரால் கவலையை விட முடியவில்லை. மனைவியிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

மத்தியான லோடுக்கு ஐஸ் கட்டிகளை அடைசலாக ஏற்றியிருந்தார்கள். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. முதலாளி பக்கத்து சீட்டில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார். வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தபோது புருவத்தைத் தூக்கினார்.

பாலம் ஏறத் தொடங்கியது. டாக்டர் காதைத் தீட்டினார். தட்டுகிற சத்தம் இல்லை. பொறி விட்டுப்போய் மிஸ் அடிக்கவும் இல்லை. ஹீட் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. வழக்கமாக நிற்கும் நடு ஏற்றம் வந்தது. அதைத் தாண்டிவிட்டால் போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி பேசினார்.

"நிறுத்து."

"முதலாளி?"

"இங்கேயே நிறுத்துய்யா. ஆஃப் பண்ணு."

"பின்னாடி வண்டி வருது முதலாளி… ஃபுல் லோடு…"

"அதுக்குத்தான் சொல்றேன். ஆஃப் பண்ணு."

நிறுத்தினார். இன்ஜினை ஆஃப் பண்ணினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வலது காலால் பிரேக் மிதியைத் தரையோடு அழுத்தினார். பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில் அவர் எத்தனையோ முறை நின்றிருக்கிறார், ஆனால் தானாக ஆஃப் பண்ணி நின்றதில்லை.

"இப்பப் போடு."

சாவியைத் திருகினார். பிடித்துக்கொண்டது. கிளட்சை விட்டார். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல், லோடை இழுத்துக்கொண்டு நிதானமாக மேலே ஏறியது. பாலத்தின் உச்சியில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

முதலாளியும் சிரித்தார். டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லையே! இது இப்ப யார் கையில குடுத்தாலும் ஓடும்ல?"

டாக்டருக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் என்ன கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார். "சின்னக் குழந்தை சாவி திருகினாலும் ஒரே செல்ஃப்தான் முதலாளி!" என்றார் பெருமையாக.

பிளாண்டுக்குத் திரும்பியதும் முதலாளி ஆபீஸ் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அக்கா மகன் வந்தான். "ஏறு. போட்டுப் பாரு" என்றார். அவன் போன மாத அனுபவத்தில் தயங்கினான்.

"பயப்படாத தம்பி" என்றார் டாக்டர். "சோக்கை இழுக்காத, காலையும் வைக்காத, சும்மா…"

அவர் சொல்லி முடிக்கும் முன்பே வண்டி பிடித்துக்கொண்டது. "அட, ஈஸியா இருக்கேண்ணே!" என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று சாயங்காலம் மச்சினனைச் சாப்பிட வரச் சொன்னார். பாலத்துக் கதையை மூன்று தடவை சொன்னார்; ஒவ்வொரு தடவையும் ஹாரன்களின் எண்ணிக்கை கூடியது. மனைவி, "பாத்தீங்களா, என் தம்பிகிட்ட சொல்லுங்கன்னு யாரு சொன்னது?" என்று நாலு தடவை கேட்டாள். பிறகு அவர் சட்டைப் பையிலிருந்த அரத்தை உருவினாள்.

"இனிமே இது உங்களுக்கு எதுக்கு? என் கோணி ஊசி தீட்ட ஆகும்."

"எடுத்துக்க, எடுத்துக்க. உனக்குச் சீதனம்" என்றார். மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் காலை அவர் பிளாண்டுக்குள் நுழைந்தபோது வண்டி ஏற்கெனவே ஐஸ் இறங்குகிற வாய்க்குப் பக்கத்தில், பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. தான் வருவதற்கு முன்னால் அதை யார் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று ஒரு கணம் புரியவில்லை. டிரைவர் சீட்டில் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரி பண்ணுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலாளி துண்டால் மூக்கைப் பொத்தியபடி வந்தார். கையில் லோடுமேன்களின் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது.

"ஓட்டி ஓட்டி உனக்கும் அலுத்திருக்கும். கண்ணும் முன்ன மாதிரி இல்ல, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? பையன் ஓட்டட்டும். நீ லோடிங்ல நில்லு. கொக்கிக்காரங்களுக்கு என்ன கூலியோ அது உனக்கும் உண்டு. உன்ன நான் வெளிய அனுப்பிடல, பாத்துக்க."

"முதலாளி, அந்தப் பாலத்துல…"

"பாலத்துலதான் நீயே ஓட்டிக் காட்டிட்டியேய்யா!"

அவர் வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கொக்கியை வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது? லோடுமேன் பக்கத்தில் வந்து நின்றான். எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்கிறவன், அன்றைக்குக் கட்டியின் எந்த இடத்தில் கொக்கியைப் போட்டால் அது பிளந்துபோகாது என்று மட்டும் காட்டிக் கொடுத்தான். கட்டி அவர் இடுப்பு உயரம் இருந்தது. முதல் கட்டி வழுக்கிக் காலில் விழப் பார்த்தது. இரண்டாவதை இரண்டு பேருமாக ஏற்றினார்கள். நேற்று வரைக்கும் சீட்டில் உட்கார்ந்து, இவர்கள் ஏற்றி முடிக்கும்வரை டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவது கட்டியிலேயே தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மனைவி தைத்த சாக்கை இழுத்துப் போர்த்திப் பின்கதவைச் சாத்தினார்.

சாவி திரும்பியது. ஒரே செல்ஃப்.

வண்டி வாசலைத் தாண்டிப் போனது. பிளாண்டு முற்றத்திலிருந்து பார்த்தால் மேம்பாலம் முழுசாகத் தெரியும். டாக்டர் கொக்கியைப் பிடித்தபடி தலையைச் சாய்த்து நின்றார். வண்டி ஏற்றத்தில் ஏறுகிற சத்தம் காற்றில் வந்தது. இத்தனை நாளாக, மிஸ் அடிக்கக் கூடாது, தட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்த காது. இப்போது ஒரே ஒரு மிஸ் அடிக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அரத்தைத் தேடியது. பை காலியாக இருந்தது.

நடு ஏற்றம் வந்தது. வண்டி அதைத் தாண்டியது. துளி பிசிறில்லாமல், அவர் காதால் வைத்த டைமிங்கில், உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

"டாக்டரே" என்றான் லோடுமேன் தயக்கத்தோடு. "அடுத்த கட்டி வந்துடுச்சு."

வண்டி நின்ற இடத்திலிருந்து வாசல் வரைக்கும் ஐஸ் தண்ணீர் சொட்டிய கோடு காயாமல் கிடந்தது. அவர் அதை மிதித்துக்கொண்டே போய், கட்டியில் கொக்கியைப் போட்டு இழுத்தார்.